ஹெட்போன் வாங்கும் முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதத்துக்கு இரண்டு பேராவது "ஒரு நல்ல ஹெட்போன் சொல்லேன்" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் அதே பதிலைத் தட்டச்சு செய்து அலுத்துவிட்டதால், வழக்கமாக வரும் கேள்விகளையெல்லாம் இங்கே ஒரே இடத்தில் போட்டுவிட்டேன். நான் கடைக்காரன் இல்லை. பாட்டு கேட்கிறவன், அவ்வளவுதான். தப்பான பொருளில் காசைப் போட்ட அனுபவம் மட்டும் நிறைய உண்டு.

எந்த ஹெட்போன் நல்லது? பெயரை மட்டும் சொன்னால் போதும்.

பெயர்கள் கீழே வருகின்றன. அதற்கு முன், எங்கே கேட்கப் போகிறீர்கள்? தாம்பரத்திலிருந்து பீச் ஸ்டேஷன் வரை மின்சார ரயிலில் நின்றுகொண்டே கேட்பவருக்கும், ராத்திரி வீடே தூங்கிய பிறகு கூடத்தில் உட்கார்ந்து கச்சேரி கேட்பவருக்கும் ஒரே பொருள் ஒத்துவராது. இரண்டுக்கும் சேர்த்து ஒன்றே வேண்டும் என்றால் இரண்டிலும் கொஞ்சம் கோட்டைவிட வேண்டியிருக்கும். அதற்குப் பதில், வெளியே போக இரண்டாயிரம் ரூபாயில் ஒரு இயர்போனும், மிச்சப் பணத்துக்கு வீட்டு ஹெட்போன் ஒன்றும் வாங்குவது உத்தமம்.

ஓப்பன் பேக், க்ளோஸ்டு பேக் என்கிறார்களே?

ஹெட்போன் கிண்ணத்தின் பின்பக்கம் மூடியிருந்தால் க்ளோஸ்டு. வலை மாதிரி திறந்திருந்தால் ஓப்பன். 1968-இல் சென்ஹைசர் கொண்டுவந்த ஹெச்டி 414தான் ஓப்பன் வகையில் முதலாவது. மஞ்சள் பஞ்சு வைத்து, பார்க்க விளையாட்டுச் சாமான் போல இருக்கும். ஓப்பனில் ஒலி மண்டைக்குள் அடைபடாமல் கொஞ்சம் வெளியே விரிந்து கேட்கும், காதும் அவ்வளவாகப் புழுங்காது. ஆனால் உள்ளே ஓடும் பாட்டு பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கும், பக்கத்துச் சத்தம் உங்களுக்கும் கேட்கும்.

வெளிநாட்டு விமர்சனங்களில் வராத ஒரு விஷயம், நம் வீட்டு மின்விசிறி. ஏப்ரல் மாதத்தில் ஃபேனை ஐந்தில் வைத்துவிட்டு அதன் நேர் கீழே ஓப்பன் பேக் போட்டு உட்கார்ந்தால், வயலினின் மெல்லிய முடிவுகளெல்லாம் இறக்கைச் சத்தத்தோடு போய்விடும். நாற்காலியை ஃபேனுக்கு நேர் கீழே போடாமல் நாலடி தள்ளிப் போட்டுப் பாருங்கள். ஆயிரக்கணக்கில் கொடுத்து ஆம்ப் (சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர்) வாங்கினாலும் வராத வித்தியாசம் அதில் வரும். குக்கர் விசில், டிவி சீரியல், குழந்தைகள் என்று வீடு நிறைந்திருந்தால் ஓப்பன் பக்கமே போகாதீர்கள்.

புது இயர்போனில் பேஸே இல்லை. ஏமாந்துவிட்டேனா?

பெரும்பாலும் இல்லை. காதுக்குள் நுழைக்கும் இயர்போனின் பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி, முழுக்கக் காற்று கசியாமல் அடைப்பதை நம்பித்தான் இருக்கிறது. ரப்பர் நுனி காதுத் துளையில் சரியாக உட்காரவில்லை என்றால் பேஸ் கசிந்து, வெறும் 'டிக் டிக்' மட்டும் மிஞ்சும். பேஸ் நிறைந்த பாட்டு ஒன்றை ஓடவிட்டு இயர்போனை லேசாக உள்ளே அழுத்துங்கள். உடனே பேஸ் குபுக்கென்று ஏறினால் நுனிதான் சின்னது. பெட்டியில் வரும் மூன்று அளவுகளையும் போட்டுப் பாருங்கள். இடது காதுக்கு நடு அளவு, வலதுக்குப் பெரியது என்று அமைவதும் சாதாரணம்தான். மாட்டும்போது மறு கையால் காது மடலை மேலே, பின்னால் இழுத்துக்கொண்டால் துளை விரிந்து நன்றாக உட்காரும்.

மூக்குக் கண்ணாடிக்காரர்களுக்கு இதே தொல்லை பெரிய ஹெட்போனில் வரும். கண்ணாடியின் கால் தடிமனாக இருந்தால் மெத்தைக்கும் தோலுக்கும் நடுவே சந்து விழுந்து பேஸ் ஒழுகிவிடும். அதனால் கடைக்கு, தினமும் போடும் கண்ணாடியோடு போங்கள்.

கடையில் எதைப் போட்டுச் சோதிப்பது?

கடைக்காரர் போடும் பாட்டை நம்பாதீர்கள். அது எந்த டப்பாவிலும் நன்றாகக் கேட்கும் பாட்டாகத்தான் இருக்கும். உங்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்ததைக் கொண்டுபோங்கள். என் ஃபோனில் இதற்கென்றே நாலைந்து பதிவுகள் உண்டு.

முதலில் மிருதங்கம். தனி ஆவர்த்தனம் இருந்தால் இன்னும் நல்லது. தொப்பியில், அதாவது ரவை அப்பிய இடது பக்கத்தில், உள்ளங்கையின் அடிப்பகுதியை அழுத்தி வாசிக்கும் கும்கியைக் கவனியுங்கள். அந்த நாதம் கீழிருந்து மேலே வழுக்கி ஏற வேண்டும். பேஸை ஊதிப் பெருக்கிய ஹெட்போனில் கும்கி வழுக்காது, 'தொம் தொம்' என்று ஒரே இடத்தில் நிற்கும். வலது பக்கமான வலந்தலையின் சாப்பு அடி அதே சமயத்தில் கத்தரித்தது போலத் தனியாகக் கேட்க வேண்டும்.

அடுத்தது தம்பூரா. பாடகர் உச்சத்தில் இருக்கும்போதும் பின்னால் அந்த ரீங்காரம் அறுபடாமல் ஓடுகிறதா? தந்திக்கும் அதைத் தாங்கும் குதிரைக்கும் இடையே செருகும் ஜீவா நூலால் வருகிற ரீங்காரம் அது. நல்ல ஹெட்போனில் நாலு தந்தியும் ஒவ்வொன்றாகப் பேசுவதை எண்ணலாம். சுமாரான ஒன்றில் தம்பூரா வெறும் ஈரப்புகை.

பிறகு நாதஸ்வரம். இதில்தான் பல பிரபல ஹெட்போன்கள் மாட்டிக்கொள்ளும். மேல் ஸ்தாயியில் காது கூசினால், அந்த ஹெட்போனில் மேல் மிட் பகுதி, அதாவது நடு ஒலிகளின் மேல் பாதி, தூக்கலாக இருக்கிறது என்று அர்த்தம். பத்து நிமிடத்தில் தலைவலி வரும். பெண் குரலில் 'ச', 'ஸ' வரும் இடமெல்லாம் ஊசி குத்துவது போல இருந்தால் அதுவும் வேண்டாம்.

கடைசியாக, 1960-களின் பழைய மோனோ பாட்டு ஒன்று. மோனோ என்றால் இரண்டு காதுக்கும் ஒரே ஒலி, அதனால் குரல் நடு மண்டையில் ஆணி அடித்தது போல நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் இரண்டு பக்க ஸ்பீக்கர்களும் சமமாக இல்லை.

ஒரு பக்கம் மட்டும் சத்தம் குறைவாக இருக்கிறது.

திருப்பிக் கொடுப்பதற்கு முன் இடதை வலதிலும் வலதை இடதிலும் மாற்றிப் போட்டுப் பாருங்கள். குறை ஹெட்போனோடு சேர்ந்து பக்கம் மாறினால் கோளாறு ஹெட்போனில். மாறாமல் அதே காதிலேயே இருந்தால் கோளாறு காதில், பெரும்பாலும் குரும்பி. டாக்டரிடம் காட்டிச் சுத்தம் செய்துகொள்ளுங்கள். பட்ஸ் போட்டுக் குடையாதீர்கள், இன்னும் உள்ளே தள்ளிவிடும்.

நான் ஒருமுறை வலது பக்கம் செத்துவிட்டது என்று ஒரு இயர்போனை மேசை டிராயரில் ஆறு மாதம் போட்டு வைத்திருந்தேன். புதிதாக ஒன்று வாங்கியும் ஆயிற்று. பிறகு ஒருநாள் வெயிலில் பிடித்துப் பார்த்தால், காதுக்குள் நுழையும் அதன் மூக்கு நுனியில் இருக்கும் சல்லடையை மஞ்சளாக ஒரு படலம் மூடியிருந்தது. மூக்கைக் கீழே பார்க்கப் பிடித்துக்கொண்டு, காய்ந்த பல் பிரஷ்ஷால் இரண்டு இழு. பழையபடி பாடியது.

ஓம் அதிகமாக இருந்தால் ஆம்ப் கட்டாயமா?

ஓம் என்பது ஹெட்போனின் மின்தடை. அதை மட்டும் பார்த்தால் பாதிக் கதைதான் தெரியும். ஒரு மில்லிவாட் கொடுத்தால் எத்தனை டெசிபல் சத்தம் வரும் என்கிற சென்சிட்டிவிட்டியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஒரு சின்னக் கணக்கு. பாட்டின் உச்ச இடங்களுக்கு 110 டெசிபல் கிடைத்தால் தாராளம். ஹெட்போன் மில்லிவாட்டுக்கு 100 டெசிபல் தருகிறது என்றால் 10 மில்லிவாட் வேண்டும். அது 32 ஓம் ஹெட்போனாக இருந்தால் சுமார் 0.57 வோல்ட் போதும், எந்த ஃபோனும் கொடுத்துவிடும். அதே சென்சிட்டிவிட்டியில் 300 ஓம் என்றால் 1.7 வோல்ட்டுக்கு மேல் வேண்டும். பல ஃபோன்களும் லேப்டாப்களும் ஒரு வோல்ட் பக்கத்திலேயே நின்றுவிடும். இங்கே ஆம்ப் உதவும்.

இதற்கு நேர்மாறான உதாரணம் ஹைஃபைமேன் ஹெச்இ-6. ஓம் 50தான், பார்த்தால் சாது. ஆனால் சென்சிட்டிவிட்டி 83.5. அதே 110 டெசிபலுக்கு 400 மில்லிவாட்டுக்கு மேல் குடிக்கும்.

உங்கள் ஃபோனில் வால்யூம் முக்கால்வாசியிலேயே போதும் போதும் என்று ஆகிவிடுகிறதா? அப்படியென்றால் ஆம்ப் வேண்டாம். "ஆம்ப் போட்டால் ஒலிக்கு உடம்பு வரும்" என்று சொல்பவர்கள் பெரும்பாலும் கொஞ்சம் சத்தமாக வைத்துக் கேட்டுவிட்டு அப்படிச் சொல்கிறார்கள். சத்தம் ஒரு துளி கூடினாலே எதுவும் நன்றாகக் கேட்பது போலத்தான் இருக்கும்.

ஃபோனில் ஜாக் இல்லை. டாங்கிள் எது வாங்குவது?

2016-இல் ஐஃபோன் 7-இலிருந்து ஜாக்கைப் பிடுங்கினார்கள், பார்த்து மற்றவர்களும் பிடுங்கிவிட்டார்கள். ஃபோனின் சார்ஜ் துளையில் செருகி ஜாக் தரும் டைப்-சி டாங்கிள்களில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்றில் டிஜிட்டலை ஒலியாக மாற்றும் டிஏசி சிப் உள்ளேயே இருக்கும். மற்றது வெறும் ஒயர், ஒலி ஃபோனிலிருந்தே வர வேண்டும். நூறு ரூபாய்க்குத் தெருவில் கிடைப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது ஜாதி. பல ஃபோன்களில் வேலையே செய்யாது. பெட்டியில் டிஏசி என்று எழுதியிருக்கிறதா பாருங்கள்.

ஆப்பிளின் டைப்-சி டாங்கிள் அளவில் கட்டைவிரல் நகம்தான். ஆனால் அதன் விலையை மறைத்துவிட்டு ஒலியை அளந்தால் பெரிய டிஏசி பெட்டிகளோடு நிற்கும். ஒரு சிக்கல், சில ஆண்ட்ராய்டு ஃபோன்களில் செருகினால் சத்தம் மிகவும் குறைவாக வரும். ஆண்ட்ராய்டுக்காரர்கள் வேறு டாங்கிள் பார்ப்பது நல்லது.

ப்ளூடூத்தில் ஒலி கெட்டுவிடுமா?

கொஞ்சம் குறையும், பெரும்பாலோருக்குத் தெரியாது. சிடியின் ஒலி நொடிக்கு 1,411 கிலோபிட். ப்ளூடூத் அதைச் சுருக்கித்தான் அனுப்புகிறது. எல்லாவற்றிலும் இருக்கும் எஸ்பிசி என்ற சுருக்கும் முறை அதிகபட்சத் தரத்தில் 328 வரை போகும். சோனியின் எல்டிஏசி 990 வரை. ஐஃபோனில் எல்டிஏசி கிடையாது, அங்கே ஏஏசிதான். அதனால் ஐஃபோன் வைத்துக்கொண்டு எல்டிஏசிக்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

எனக்குப் பெரிய குறையாகத் தெரிவது பேட்டரி. இரண்டு துண்டாக வரும் குட்டி இயர்பட்களின் பேட்டரி கொண்டைக்கடலை அளவு. தினமும் சார்ஜ் ஏறி இறங்கி இரண்டு மூன்று வருடத்தில் தளர்ந்துவிடும், மாற்றவும் வழியில்லை. ஒயர் ஹெட்போனுக்கு வயதே கிடையாது.

அலுவலக மீட்டிங்கில் சேர்ந்ததும் ப்ளூடூத் ஹெட்போன் ஒலி ரேடியோ மாதிரி ஆகிவிடுகிறது. ஏன்?

அது பழுது இல்லை. பாட்டுக்கு ஒரு வழி, பேச்சுக்கு இன்னொரு வழி என்று ப்ளூடூத்தில் இரண்டு உண்டு. ஹெட்போனின் மைக் திறந்த அடுத்த கணம் அது பேச்சு வழிக்கு மாறி, மோனோவாக, தொலைபேசித் தரத்துக்கு இறங்கிவிடும். மீட்டிங் செயலியின் அமைப்பில் மைக் என்ற இடத்தில் லேப்டாப்பின் மைக்கையும், ஸ்பீக்கர் என்ற இடத்தில் ஹெட்போனையும் தேர்ந்தெடுங்கள். ஒலி உடனே தெளியும். சத்தமான வீடு என்றால் லேப்டாப் மைக் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டுவரும், அப்போது வேறு வழியில்லை.

நாய்ஸ் கேன்சலிங் வாங்கினால் மனைவி கூப்பிடுவது கேட்காதா?

கேட்கும், கவலைப்படாதீர்கள். வெளிச் சத்தத்தை மைக்கால் பிடித்து, அதற்கு நேரெதிரான அலையை உண்டாக்கிக் கழிப்பதுதான் இதன் வேலை. பஸ் எஞ்சின், ஏசி, விமானம் போன்ற ஒரே சீரான தாழ்ந்த இரைச்சலில் நன்றாக எடுபடும். பேச்சு, ஹாரன், பாத்திரம் விழும் சத்தம் போன்ற திடீர்ச் சத்தங்களில் பாதிதான். அந்தச் சத்தங்களைக் குறைப்பது மெத்தையும் ரப்பரும்தான்.

இந்த யோசனை போஸ் நிறுவனத்தைத் தொடங்கிய அமர் போஸுக்கு 1978-இல் சூரிச்சிலிருந்து பாஸ்டன் போகும் விமானத்தில் உதித்தது. விமானிகளுக்கான ஹெட்செட்டாகக் கடைக்கு வந்தது 1989-இல். நம்மைப் போன்றவர்களுக்கு 2000-இல். போஸின் அப்பா வங்காளத்திலிருந்து அமெரிக்கா போனவர்.

தினமும் பஸ்ஸிலோ ரயிலிலோ போகிறவருக்கு இது ஆடம்பரமே இல்லை. இரைச்சல் குறைந்தால் வால்யூமைக் குறைப்பீர்கள், காது பிழைக்கும். வண்டி ஓட்டும்போது மட்டும் எதையும் மாட்டாதீர்கள்.

ஹை-ரெஸ் பாட்டு, தங்க ஒயர், நூறு மணி நேரம் 'பர்ன்-இன்', இதெல்லாம்?

16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் என்கிற சிடி தரமே மனிதக் காதின் 20 கிலோஹெர்ட்ஸ் எல்லையைத் தாண்டிவிடும். அதற்கு மேல் போகும் ஹை-ரெஸ் ஒலிப்பதிவு செய்கிறவர்களுக்கு உதவும், கேட்கிறவருக்கு இல்லை. சந்தேகம் இருந்தால் ஒரே பாட்டைத் தரம் குறையாத எஃப்எல்ஏசியாகவும் சுருக்கிய 320 எம்பி3யாகவும் வைத்துக்கொண்டு, எது எது என்று தெரியாமல் நண்பரை மாற்றி மாற்றிப் போடச் சொல்லுங்கள். நான் செய்தேன். இருபதுக்குப் பதினொன்று சரியாகச் சொன்னேன், காசைச் சுண்டியிருந்தாலும் அவ்வளவு வந்திருக்கும்.

ஒயர் அறுந்தால் மாற்றுங்கள், ஒலிக்காக மாற்றாதீர்கள். புது ஹெட்போனைப் பல மணி நேரம் ஓடவிட்டுப் பழக்குவதுதான் பர்ன்-இன். அதில் பழகுவது பெரும்பாலும் உங்கள் மூளை. கூடவே மெத்தை கொஞ்சம் அமுங்கும்.

ஈக்வலைசர் போடுவது தப்பா?

யார் சொன்னது? ஒலியின் மேல், கீழ்ப் பகுதிகளைத் தனித்தனியே ஏற்றி இறக்குவதுதான் ஈக்வலைசர். நாதஸ்வரம் கூசுகிறதா, 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் இரண்டு மூன்று டெசிபல் இறக்குங்கள். விண்டோஸில் ஈக்வலைசர் ஏபிஓ, ஆண்ட்ராய்டில் வேவ்லெட் என்ற செயலிகள் இருக்கின்றன. ஏற்றுவதைவிட இறக்குவது நல்லது. ஏற்றினால் மொத்தச் சத்தத்தையும் அதே அளவு குறைத்துவையுங்கள், இல்லாவிட்டால் உச்சத்தில் கரகரக்கும்.

சரி, இப்போதாவது பெயர் சொல்லுங்கள்.

இரண்டாயிரம் ரூபாய் பக்கத்தில்: ஒயர் வைத்த சீன இயர்போன்கள். மூன்ட்ராப் சூ, 7ஹெர்ட்ஸ் சால்நோட்ஸ் ஜீரோ. இந்த விலைக்குப் பத்து வருடம் முன்பு கிடைத்ததை நினைத்தால் சிரிப்புதான் வருகிறது.

எடை குறைவாக, காதின் மேல் சும்மா உட்கார வேண்டுமென்றால் கோஸ் போர்ட்டா புரோ. 1984-இல் வந்தது, உருவம் மாறாமல் இன்னும் விற்கிறது. ஓப்பன் என்பதால் பஸ்ஸுக்கு ஆகாது.

வீட்டில் வேலை பார்த்துக்கொண்டே கேட்க: சோனி எம்டிஆர்-7506. 1991-லிருந்து ஸ்டூடியோக்களில் சுருள் ஒயரோடு தொங்கிக்கொண்டிருப்பது. ட்ரெபிள் (உயர்ந்த ஒலி) கொஞ்சம் காரம். மெத்தையின் தோல் நம் வியர்வைக்கு உரிந்து கறுப்புத் துகளாகக் காதில் ஒட்டும், மாற்று மெத்தை மலிவு.

கச்சேரிக்கு, அமைதியான அறைக்கு: சென்ஹைசர் ஹெச்டி 600. 1997-இல் வந்தது, 300 ஓம், ஓப்பன். தலையை இறுக்கிப் பிடிக்கும், நாளாக நாளாகத் தளரும். குரலுக்கு இதைவிட நேர்மையானதை நான் கேட்டதில்லை. பேஸ் அடிவயிற்றில் இடிக்க வேண்டும் என்பவர்கள் இதை வாங்கிவிட்டு என்னைத் திட்டாதீர்கள்.

வீட்டுக்கு ஸ்பீக்கர் வாங்கலாமா?

பக்கத்து வீட்டோடு சண்டை இல்லையென்றால் தாராளமாக. ஆனால் பெட்டியில் போட்டிருக்கும் வாட்டை நம்பாதீர்கள். 90-களில் கையில் தூக்கிப் போகும் டேப் ரெக்கார்டர்மேல் கூடப் பிஎம்பிஓ (கண நேர உச்சக் கணக்கு) என்று ஆயிரக்கணக்கில் வாட் எழுதியிருக்கும், உள்ளே போவது நாலு பேட்டரி. தொடர்ந்து தரக்கூடிய ஆர்எம்எஸ் வாட் என்ன என்று கேளுங்கள். அப்புறம், மொசைக் தரையும் வெறும் சுவரும் உள்ள அறையில் எந்த ஸ்பீக்கரும் கிணற்றுக்குள் பேசுவது போலத்தான் இருக்கும். கையைத் தட்டிப் பாருங்கள், 'டிங்' என்று எதிரொலி வந்தால் முதல் செலவு தடித்த திரைச்சீலைக்கும் தரை விரிப்புக்கும்.

எவ்வளவு சத்தம் வைக்கலாம்?

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது, 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். மூன்று டெசிபல் ஏற ஏற நேரம் பாதியாகும். 83-இல் 20 மணி நேரம், 86-இல் 10, 92-இல் இரண்டரை. குழந்தைகளுக்கு 75-இலிருந்து கணக்கு ஆரம்பம். வீட்டில் அளக்க மீட்டர் தேவையில்லை. அமைதியான அறையில் வால்யூமை வைத்துவிட்டு, அதே அளவில் பஸ் ஏறுங்கள். அங்கே எவ்வளவு ஏற்றுகிறீர்கள் என்று பாருங்கள், திகைப்பீர்கள். கழற்றிய பிறகு காதுக்குள் 'ங்ங்' என்று கேட்டால் அன்றைக்கு அத்தோடு விடுங்கள்.

ஒயர் அறுந்த பழைய ஹெட்போனைத் தூக்கிப் போட்டுவிடவா?

வேண்டாம். பத்துக்கு எட்டு, ஃபோனில் செருகும் பின்னுக்குப் பக்கத்தில் மடங்கி மடங்கித்தான் அறுந்திருக்கும். பின்னுக்கு இரண்டங்குலம் தள்ளி ஒயரை அசைத்துப் பாருங்கள், சத்தம் விட்டு விட்டு வந்தால் அங்கேதான். சென்னையில் ரிச்சி தெருவில் 3.5 மிமீ பின் தனியாகக் கிடைக்கும். பழையதை வெட்டிவிட்டு நீங்களே பற்ற வைக்கலாம். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். உள்ளே இருக்கும் சிவப்பு, பச்சை, செம்பு நிற இழைகள்மேல் கண்ணுக்குத் தெரியாத வார்னிஷ் இருக்கும். அது போகாமல் ஈயம் ஒட்டவே ஒட்டாது. நுனியை சூடான சால்டரிங் முனையில், கொஞ்சம் ஈயத்தோடு, புகை வரும்வரை வைத்துப் பிடியுங்கள். இழை வெள்ளி போல மின்னியதும் பற்ற வையுங்கள். சிவப்பு பெரும்பாலும் வலது, பச்சையோ நீலமோ இடது, செம்பு பொது. பின்னின் மூடியை ஒயரில் முதலிலேயே கோர்த்துக்கொள்ளுங்கள். நான் இதுவரை மூன்று முறை மறந்து, மூன்று முறையும் கழற்றி மறுபடி பற்ற வைத்திருக்கிறேன்.